தம் கட்டாமல்

முதல் நாள் மாடி ஹாலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண். டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். கிட்வாய் நகரிலிருந்து வரும் ஒரு மாமி, முழங்கால் வலி. கழுத்தில் பட்டை போட்ட கம்ப்யூட்டர்காரர் ஒருவர். ரிடையர் ஆன சர்தார்ஜி ஒருவர். அப்புறம் நான். கைலி கட்டியிருந்தது நான் மட்டும்தான்.

கரோல் பாக்கில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல் எனக்கு. மாஸ்டர் என்பார்கள். அந்த ஹால் மெஸ்ஸுக்கு மேலே.

மார்கழிக் குளிரில் ஒரு காலை. சோற்று டேக்சாவை அடுப்பிலிருந்து இறக்கினேன். பத்துக் கிலோ அரிசி, தண்ணீரோடு. மற்ற மெஸ்ஸில் ரெண்டு பேர் இறக்குவார்கள். நான் ஒத்த ஆளாக இறக்குவேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அதற்காகவே பேர் எனக்கு. அன்றைக்கு இடுப்பில் சடக் என்றது. டேக்சாவைக் கீழே வைத்துவிட்டேன். நிமிர முடியவில்லை.

“சோறு சிந்தலையே?” என்று கேட்டார் முதலாளி.

சிந்தவில்லை.

பத்து நாள் படுக்கை. திரும்பி வந்தபோது என் கைக்குக் கீழே இருந்த பயல் அடுப்பில் நின்றான். அவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டு ரெண்டு பேராக இறக்கினான். முதலாளி என்னிடம் ஒரு கத்தியைக் கொடுத்தார்.

“வெயில் காலம் வர்றதுக்குள்ள பழையபடி ஒத்த ஆளா இறக்கிக் காட்டு. அடுப்பு உன்னுது. இல்லையா, காய் நறுக்கு. அதுவும் ஆகலையா, ஊருக்குப் போ.”

ஊரில் எனக்கு ஒன்றும் இல்லை. காய் நறுக்கவும் நான் டில்லிக்கு வரவில்லை.

மாடியில் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண் மத்தியானம் நம்ம மெஸ்ஸில்தான் சாப்பிடும். நான் மேஜையைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்தது.

“அங்கிள், மேல வாங்க. மேட்ல படுத்துப் பண்றதுதான். பிலாட்டீஸ்.”

“அது பொம்பளைங்க பண்றதும்மா.”

“உங்க கமர் என்ன, ஆம்பளையா பொம்பளையா?”

இடுப்பைத்தான் அப்படிச் சொன்னது. போனேன்.

“அய்யய்யோ, கைலியோடயா கால் தூக்கப் போறேள்?” என்றாள் மாமி. சர்தார்ஜி பையிலிருந்து ஒரு பைஜாமா எடுத்துக் கொடுத்தார். என்னைப்போல ரெண்டு பேர் அதற்குள் நிற்கலாம். நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மல்லாந்து படுக்க வேண்டும். காலைத் தூக்கி, தலையைத் தூக்கி, ரெண்டு கையையும் பக்கத்தில் மேலும் கீழும் அடிக்க வேண்டும். அஞ்சு அடிக்கு மூச்சு உள்ளே, அஞ்சு அடிக்கு வெளியே. நூறு வரைக்கும். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

நாற்பதில் மாமி கத்தினாள். “ஏண்டி, இவர் மூஞ்சி கத்திரிக்காய் மாதிரி ஆயிடுத்து பாரு!”

“அங்கிள்! மூச்சு விடுங்க! சாஸ் சோடியே!”

விட்டேன். கண் இருட்டியது. ஆரம்பத்தில் இழுத்த மூச்சு, அதுவரை விடவே இல்லை.

எங்கள் தொழிலில் அப்படித்தான். தம் கட்டித் தூக்கு என்பார்கள். மூச்சைப் பிடித்து வயிற்றை வெளியே தள்ளித் தூக்குவோம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் தெரியாது. எல்லாரும் அப்படித் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.

அந்தப் பெண் என் இடுப்புக்குக் கீழே கையை விட்டது. “என் கை முழுசாப் போகுது பாருங்க. இந்த எடம் உங்களுக்குத் தெரியவே இல்ல அங்கிள்.”

கோபம் வந்தது. என் இடுப்பு எனக்குத் தெரியாதா? அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் காய்ந்தது கைக்குத் தெரியும். பருப்பு அடிப்பிடிப்பது மூக்குக்குத் தெரியும். இடுப்பு, வலித்தபோதுதான் இருக்கிறது என்றே தெரிந்தது.

வாரம் மூணு நாள் போனேன். மத்தியானப் பந்தி முடிந்து, சாயங்கால டிபனுக்கு முன்னால்.

கீழே சமையல்கட்டில் விடுவார்களா?

“மாஸ்டர் டான்ஸ் கிளாஸ் போறாரு.”

“அண்ணே, அரங்கேற்றம் எப்பண்ணே? மாமிகூட ஜோடியா?”

“பத்திரிகை வெப்பேன், வா” என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவேன்.

உட்கார்ந்து, முதுகை வளைத்து, மெதுவாகப் பின்னால் படுக்கிற பயிற்சி ஒன்று. முதுகெலும்பு கண்ணி கண்ணியாகப் பாயில் இறங்க வேண்டும். முதல் மாசம் பலகை மாதிரி தொப்பென்று விழுந்தேன். ரெண்டாம் மாசம் மேல்முதுகு இறங்கியது. இடதுபக்கம் மட்டும் நடுவில் ஒரு இடம் பிடித்துக்கொண்டே இருந்தது. அது என் இடம். அதைத் தெரிந்துகொண்டேன். வாளியைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டேன். வயிறு உள்ளே போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

“அந்த டேக்சாவைத் தூக்கறதுக்காகவா வர்றீங்க?” என்று ஒரு நாள் கேட்டது அந்தப் பெண்.

“ஆமா.”

“நான் சொல்லித் தர்றது அதுக்கில்ல அங்கிள். இன்னொரு தடவை உங்க கமர் போகாம இருக்கறதுக்கு.”

தூக்கிக் காட்டுவது என்றுதான் இருந்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஸ் நிறைய ஆள். முதலாளி சமையல்கட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயல் ஒதுங்கி வழி விட்டான். சாப்பிட வந்தவர்களில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

துணியைச் சுற்றி டேக்சாவின் ரெண்டு காதையும் பிடித்தேன். மூச்சை விட்டேன். தூக்கவில்லை, பாரத்தை லேசாக வாங்கிப் பார்த்தேன். இடதுபக்கம் அந்த இடம் பிடித்தது.

தூக்கினால் டேக்சா வரும். அது தெரிந்தது. இடுப்பு எந்த இடத்தில் போகும் என்பதும் தெரிந்தது.

கையை எடுத்துவிட்டேன். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தது. மெதுவாக வடித்தாலும் குழையாது. கேஸை அணைத்தேன். மூங்கில் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். மொள்ளுவதற்குச் சின்னக் குண்டானை எடுத்தேன். மொண்டு கூடையில் ஊற்றினேன்.

“என்னய்யா பண்ற?” என்றார் முதலாளி.

“வடிக்கிறேன்.”

“தூக்குய்யா. எல்லாரும் பாக்கறாங்க.”

“தூக்க மாட்டேன்.”

“அப்ப அடுப்பை விடு.”

“அதையும் விட மாட்டேன்.”

நான் மொண்டுகொண்டே இருந்தேன். முட்டியை மடக்கி இறங்குவேன், மூச்சை விட்டு எழுவேன்.

“இத்தனை வருஷத்துல ஒருத்தனாவது, மாஸ்டர் ஒத்த ஆளா இறக்கினார், அதான் சோறு நல்லாருக்குன்னு சொன்னானா? சொல்லுங்க.”

வாசலில் நின்ற ஒருத்தர், “பாய்சாப், சண்டை அப்புறம். சோறு ஜல்தி!” என்றார். சிரித்தார்கள். பயல்கூடச் சிரித்துவிட்டு, கேட்காமலே கஞ்சித் தொட்டியை இழுத்து வைத்தான்.

கூடை நிறைந்தது. பந்திக்குப் போயிற்று. முதலாளி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. வாயில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கும் இப்படித்தானா?”

“தினமும் இப்படித்தான்.”

முதலாளி பயலைப் பார்த்து, “காயை நீ பார்த்துக்க” என்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

“எத்தனை குண்டான் ஆச்சு?”

“பதினாறு.”