வரும் பாதி

1915: பயணிகள் 9,412.
1916: பயணிகள் 9,870.
1917: பயணிகள் 9,655. இருவழிச் சீட்டு 388.
1918: பயணிகள் 11,402.
1918 ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை: இருவழிச் சீட்டு 1,148. திரும்பி வந்த பாதி 936. வராத பாதி 212. பாதிக்கு ஐம்பது சதமாக, கம்பெனிக்கு மிச்சம் ரூபாய் 106.

பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, மஞ்சள் சீட்டின் முதுகில் எழுதி முடிக்கும்வரை சிவனாண்டி விசில் ஊத மாட்டார். டிரைவர் இத்ரூஸ் எஞ்சினை உறுமவிட்டுப் பார்ப்பார். ரப்பர் ஹார்னை அமுக்குவார். "என்ன சிவனாண்டி, கல்யாணப் பத்திரிகையா எழுதுறீங்க?" என்பார். சிவனாண்டி நிமிர்வதில்லை. தேயிலைத் தோட்டம், லயம் என்ற வீட்டு வரிசை, அதில் காம்பரா எண், ஆளின் பெயர் என்று நான்கையும் எழுதி, சீட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் விசில்.

பசறைக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள பதினொரு மைலில் ஒரே ஒரு மோட்டார் பஸ்ஸை ஓட்டிய கம்பெனியில் அவர் கண்டக்டர். நான் அந்தக் கம்பெனியின் கணக்கர். நாளொன்றுக்குப் போக இரண்டு, வர இரண்டு நடை. ஒருவழி அறுபது சதம், இருவழி ஒரு ரூபாய். இருவழிச் சீட்டில் வெள்ளைப் பாதி போவதற்கு, மஞ்சள் பாதி வருவதற்கு. மஞ்சள் பாதி ஏழு நாட்களுக்கே செல்லும். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

சிவனாண்டி குட்டையானவர். கம்பெனி கொடுத்த காக்கிக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கும். கோட்டுக்கு ஐந்து பைகள். நான்கில் சில்லறை, ஐந்தாவதில் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி. வளைவுகளில் வாந்தி எடுக்கப் பார்க்கிறவர்களுக்கு அதைக் கடிக்கக் கொடுப்பார். பஸ்ஸுக்குள் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். "உக்காந்தா கால் தூங்கிப்போயிருங்க" என்பார். ஒன்பது வயதில் மணப்பாறைப் பக்கமிருந்து பெற்றோருடன் வந்தவர். பதினைந்து வருடம் தோட்டத்தில் தப்பால்காரராக இருந்து, தபால் பையைச் சுமந்து மலை ஏறி இறங்கியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கடிதங்களின் மேல் எழுதியிருந்த முகவரிகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டார். அதனால் அவர் எதை எழுதினாலும் முகவரி மாதிரியே இருக்கும்.

1918 ஒக்டோபரில் விஷக் காய்ச்சல் வந்தது. அதுவரை தோட்டத்து ஆட்கள் எங்கள் பஸ்ஸில் ஏறியது குறைவு. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் கிடைக்கும் கூலி ஒருவழிச் சீட்டுக்குப் போதாது. பதுளைக்கு நடந்தே வருவார்கள். காய்ச்சல்காரரால் நடக்க முடியாது. கங்காணியிடம் முன்பணம் வாங்கி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஏறினார்கள். ஏறியவர்களில் ஒருவர்கூட ஒருவழிச் சீட்டு வாங்கவில்லை. நோயாளிக்கு ஒருவழிச் சீட்டு வாங்கினால் அவர் வரமாட்டார் என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோட்டம் தோட்டமாக ஒரு பயம். கையில் அறுபது சதம்தான் இருந்தது என்றால், மீதி நாற்பதுக்குச் சுற்றி நிற்கிறவர்களிடம் கையேந்துவார்கள். சில நாட்களில் அந்த நாற்பதும் சிவனாண்டியின் சொந்தப் பையிலிருந்து வந்தது என்பதைப் பிறகு இத்ரூஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் துணியைக் களைந்து கொளுத்திவிடுவார்கள்; மடியில் முடிந்த சீட்டும் சேர்ந்து போய்விடும். ஆகவே மஞ்சள் பாதியைச் சிவனாண்டியிடமே கொடுத்து வைத்தார்கள். "அடுத்த வாரம் இதே பஸ்ஸுலதான் வருவேன். பத்திரமா வச்சிருண்ணே." அவர் முதுகில் முகவரி எழுதி டின்னில் போட்டுக்கொண்டார்.

காய்ச்சல் எனக்குத் தெரியாததல்ல. அலுவலகம் மூடியிருந்த ஒன்பது நாட்களையும் தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன். ஆனாலும் ஆண்டறிக்கைக்காக 1919 ஜனவரியில் நான் எழுதிய வாக்கியம் இது: "பயணிகள் தொகை நூற்றுக்குப் பதினெட்டு உயர்ந்துள்ளது. பொதுமக்கள் இருவழிச் சீட்டை விரும்பி வாங்கத் தொடங்கியிருப்பதும், வாங்கியதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவதும் கம்பெனியின் வளர்ச்சிக்கு நல்ல அறிகுறிகள்." கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன்.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, மாதக் கணக்கு முடிக்கும்போது, பயணிகளிடம் திரும்ப வாங்கிய சீட்டுகள் சேரும் பெட்டியில் நாற்பத்தொரு பழைய மஞ்சள் பாதிகள் இருந்தன. எல்லாம் போன வருடத்தவை. ஏழு நாள் கடந்து வாரக்கணக்காகிவிட்டவை. இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் இதற்கு ஒரே பொருள்தான் கொள்வார்கள். கண்டக்டர் பயணியிடம் அறுபது சதம் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியில் பழைய பாதியைப் போடுகிறார். பெப்ரவரி 3ஆம் தேதி இயக்குநர் சபைக்கு முறைப்பாடு எழுதினேன். நாற்பத்தொன்றை அறுபதால் பெருக்கி, ரூபாய் 24.60 என்று அடியில் போட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க 8ஆம் தேதி, சனிக்கிழமை, பதுளையிலிருந்து பசறை போகும் பிற்பகல் பஸ்ஸில் பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. யாரும் கை காட்டவில்லை. சிவனாண்டி இறங்கி, மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு பெண்ணின் முன்னால் நின்றார். அவள் மடியில் ஒரு செம்புக் காப்பு மட்டும் இருந்தது. காலெல்லாம் செம்மண்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?"

"மூங்கிலாறு."

"ஆளு?"

"வூட்டுக்காரரு. இராமையா." அவள் பெயர் பெரியாயி. காய்ச்சலில் அவளும் விழுந்து கிடந்து, எழுந்து, அன்றைக்குத்தான் புருஷனைப் பார்க்கப் பதினொரு மைல் நடந்து வந்திருக்கிறாள். டிசம்பர் 28ஆம் தேதியே முடிந்துவிட்டது என்றும், அன்றைக்குப் போனவர்களோடு ஒரே வரிசையில் புதைத்தாகிவிட்டது என்றும் சொல்லிக் காப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எது அவன் குழி என்று காட்ட ஆளில்லை. நடந்தே திரும்பிப் போக எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிவனாண்டி பஸ்ஸுக்கு வந்து, படிக்கு அடியிலிருந்த டின்னைத் திறந்தார். தோட்டம் தோட்டமாக நூலில் கட்டி வைத்திருந்தார். ஒரு கட்டைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்து, தபால் கொடுக்கிறவர் போல உரக்கப் படித்தார்.

"மூங்கிலாறு. மேல் லயம். ஏழாம் காம்பரா. இராமையா. ஏறு தங்கச்சி. இது அவரு காசு குடுத்து வாங்குன சீட்டு."

"அவருதான் வரலியேண்ணே."

"சீட்டு இருக்குல்ல. உக்காரு."

அவள் ஏறினாள். அவர் மூலையைக் கிழித்து, மஞ்சள் பாதியைச் சீட்டுப் பெட்டியில் போட்டார். நாற்பத்தொன்றும் இப்படித்தான் வந்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் எட்டியது. இத்ரூஸ் முன்னாலிருந்து தாழ்ந்த குரலில், கணக்கு ஐயா பின்னால் இருப்பதை ஞாபகப்படுத்தினார்.

"இருக்கட்டுமே. எண்ணிக்கிட்டு வரட்டும்" என்றார் சிவனாண்டி.

பெரியாயி இருவர் உட்காரும் ஆசனத்தில் ஜன்னலோரம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். வழியில் ஏறிய யாரும் அந்த ஜன்னலோரத்தைக் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. பதினொரு மைலுக்கும் நான் அதை எடுக்கவில்லை. 212 என்ற எண்ணை மூன்று வாரமாக மிச்சம் என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தேன்.

பசறையில் அவரைத் தனியே அழைத்து, விதி தெரியாதா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏழு நாள்னு போட்டிருக்கு, தெரியும் ஐயா. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட அதச் சொல்லி வச்சீங்களா?"

டின்னைக் காட்டச் சொன்னேன். வராத 212இல் எட்டு எங்கோ தொலைந்திருந்தன. மீதி 204உம் வருட முடிவில் அவரிடம்தான் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் முகவரி. நான் எண்ணி வைத்திருந்தவர்களின் பெயர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

10ஆம் தேதி முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுச் சபைக்கு எழுதினேன். பதிலில்லை. மார்ச் 20ஆம் தேதி வருடாந்தக் கூட்டம் நடந்தது. செயலாளர் அறிக்கையை வாசித்தார். நான் மாற்றி எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தை விட்டு, அச்சாகிவிட்டது என்பதால் பழைய வாக்கியத்தையே வாசித்தார். "நல்ல அறிகுறிகள்" என்ற இடத்தில் கைதட்டினார்கள். பங்குக்கு நூற்றுக்கு ஒன்பது இலாபம் அறிவித்தார்கள். இதே வேகத்தில் போனால் இரண்டாவது பஸ் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். இதே வேகத்தில் என்றால் என்ன என்று எழுந்து கேட்க நினைத்தேன். எல்லோரோடும் எழுந்து வெளியே வந்தேன். மறுநாள் இரண்டாம் கடிதம் எழுதினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை, என் முதல் முறைப்பாட்டின் பேரில் சிவனாண்டியை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்தது. கோட்டு, விசில், பணப்பை, டின் ஆகிய நான்கையும் என் மேசையில் வைத்தார். கோட்டின் ஐந்தாவது பையிலிருந்து இஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டார். "மீதி நூத்திப் பதினெட்டு பேரு இருக்காங்க ஐயா. எண்ணிக்குங்க" என்றார். எண்ணினேன். பெப்ரவரி, மார்ச்சில் பெட்டிக்குப் போன நாற்பத்தைந்து கழிய, சரியாக இருந்தது.

மறுநாள் காலை, வேட்டி துண்டோடு, தம்பியின் லயத்துக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினார். ஒரு ரூபாயை நீட்டி இருவழிச் சீட்டுக் கேட்டார். இனி எங்கே வரப்போகிறீர்கள், ஒருவழி போதுமே, நாற்பது சதம் மிச்சமாகும் என்று புதுக் கண்டக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். சிவனாண்டி நீட்டிய கையை எடுக்கவில்லை. சீட்டு வந்ததும் வெள்ளைப் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, மஞ்சள் பாதியின் முதுகில் எழுதினார். கீழே நின்ற என்னிடம் அதைக் கொடுத்தார்.

"இதையும் டின்னுல போட்டு வைங்க."

அன்றே மூன்றாம் கடிதம் எழுதினேன். 212 என்பது யார் யார் என்று விளக்கி, அவரை எடுக்காவிட்டால் என் வேலையும் வேண்டாம் என்று முடித்தேன். அதற்கு வந்ததுதான் கடைசிப் பதில். சிவனாண்டியைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம். ஆனால் காலங்கடந்த சீட்டுகள் அனைத்தையும் என் முன்னிலையில் அவர் கையாலேயே எரித்துவிட வேண்டும் என்று சபை முடிவு செய்திருந்தது. வந்த அன்றே கடிதத்தையும் டின்னையும் எடுத்துக்கொண்டு தம்பியின் லயத்துக்குப் போனேன். அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். எரிக்கும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"எரிச்சா வேலை?"

"ஆமாம்."

எரித்ததாக நானே எழுதிவிடுகிறேன் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் பொய்க் கணக்கு அது. கோடரியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"எரிச்சதா எழுதிட்டு, நாளைக்குப் பெரியாயி மாதிரி ஒண்ணு வந்து நின்னா, பஸ்ஸுல வச்சு எப்படிங்க டின்னத் தெறப்பேன்?"

டின்னைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுத்தேன். பதுளைக்குத் திரும்பி வந்து, சீட்டுகளை அவர் எரிக்க மறுத்துவிட்டார் என்று எழுதி, அதனடியில் என் விலகலையும் எழுதினேன்.

இது 1926. சிவனாண்டிக்கு நாற்பத்தெட்டு வயது. மறுபடியும் தப்பால்காரர். தினம் பசறைத் தபால் கந்தோருக்கு நடக்கிறார். பஸ் ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள். குழி தெரியாதவர்களின் அண்ணன், மகள், மருமகன். அவர் எழுந்து நின்று முகவரியை உரக்கப் படித்து, மஞ்சள் பாதியை இரண்டு கையாலும் கொடுக்கிறார். அவர்கள் அதைத் தங்கள் தோட்டத்து மயானத்தில், தங்கள் ஆட்களின் பக்கத்தில் புதைக்கிறார்கள். 118இல் இப்போது மீதி 63.

போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு கிழவருக்காகக் கட்டுகளைப் பிரித்தார். அடியிலிருந்த அவருடைய சொந்தச் சீட்டு மேலே வந்துவிட்டது. அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒரு நாள் பிந்திப்போச்சுங்களே ஐயா" என்று சிரித்தார். திரும்ப எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, மூடியைப் போட்டு, இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தச் சீட்டு செல்லுபடியான கடைசி நாள் 1919 ஏப்ரல் 9, புதன்கிழமை. சபையின் கடைசிக் கடிதம் வந்தது ஏப்ரல் 10, வியாழக்கிழமை.