ஈ உட்காரும் வரை

ஈயை விரட்டவே மாட்டாள் ராசம்மாள். செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குள் வந்ததும் மீன்கூடையை இறக்குவாள், ஈரச்சாக்கை விலக்குவாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் ஈ வந்து மீன்மேல் உட்கார்ந்த பிறகுதான் "மீனேய்!" என்று குரல் கிளம்பும்.

"அசிங்கமா இருக்கு, ஓட்டும்மா" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

"அது ஒக்காந்தாதான் ஒனக்கு அறுப்பேன். அதுக்கு இருக்குற மூக்கு ஒனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது."

ரிட்டையரான தபால்காரர் செந்தமிழ்செல்வன் சும்மா இருக்கமாட்டார். "ஈக்கு என்னா சம்பளம் குடுக்குற?"

"ஒங்களாட்டம் அதுக்குப் பென்சன் கேக்கத் தெரியாது சார்."

ராசம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விடியும்போதே துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வருவாள். செவ்வாய், வெள்ளியில் நான் மீன் தொடுவதில்லை. அது தெரிந்தும் "இன்னிக்காவது சாமி லீவு குடுத்துச்சா அக்கா?" என்று கேட்காமல் போகமாட்டாள்.

முன்பு அவளும் மட்டையால் ஈ ஓட்டியவள்தான். போன வருடம் தடைக்காலத்தில், போட்டுகள் கடலுக்குப் போகாத நாளில், வெளியூர் லாரியில் வந்த மீனை வாங்கி வந்தாள். அன்றைக்கு ஒரு ஈ கூட அண்டவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். எதிர்வீட்டு ஷாசியாவிடம், "பாரு பாயம்மா, ஈயே இல்ல. அவ்ளோ சுத்தம்" என்று பெருமையாகச் சொல்லி மீனைக் கொடுத்தாள்.

ஷாசியாவின் ஏழு வயது மகள் அல்மாஸ் வாந்தியெடுத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிகாரிகள் வந்து மிச்ச மீனைச் சோதித்துவிட்டு, பிணம் கெடாமலிருக்கப் போடும் மருந்து கலந்திருக்கிறது என்றார்கள். லாரிக்காரன் அகப்படவில்லை. ராசம்மாள் இளநீரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "ஒன்ன நம்பித்தானே வாங்குனேன்" என்றாள் ஷாசியா. இளநீரை வாங்கவில்லை.

அதிலிருந்து தினமும் ஷாசியா வீட்டு கேட்டுக்கு முன்னால் கூடையை இறக்குவாள். கூப்பிடமாட்டாள். கொஞ்சம் நின்றுவிட்டுத் தூக்கிக்கொண்டு போவாள்.

"ஒரு குரல் குடுத்துப் பாரேன்" என்றேன் ஒருநாள்.

"எந்த வாயால கூப்புடறது அக்கா? அன்னிக்கி ஈ சொல்லிச்சி. நான்தான் கேக்கல."

போன வெள்ளிக்கிழமை பாடலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன், கேட் திறந்திருந்தது. ஷாசியா சட்டியோடு நிற்கிறாள். அவள் துப்பட்டாவைப் பிடித்தபடி அல்மாஸ்.

"என்னா மீனு?"

"சங்கரா, பாயம்மா."

"அரைக் கிலோ போடு."

ராசம்மாள் சாக்கை விலக்கினாள். அருவாமனையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"அறுத்துப் போடேன், அடுப்புல கொழம்பு கொதிக்குது."

"செத்த இரு பாயம்மா."

மூன்று பேரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அர்ச்சனைக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"உம்மா, தோ! ஒக்காந்துடுச்சி!" என்றாள் அல்மாஸ்.

ராசம்மாள் அருவாமனையை இழுத்துக் காலுக்கடியில் போட்டாள்.