அட்டை கடிக்காத படை

எங்கள் தோட்டத்து வாசிகசாலைக் கூட்டத்தில் ஒரு சரித்திர நாவலைப் பற்றிப் பேசச் சொன்னதால், அதைத் தலவாக்கலை பஸ்ஸில் போய்வரும்போதே படித்து முடித்தேன். அதில் சோழர் படை அடைமழையில் மலைக்காட்டுக்குள் ஒரு வாரம் பதுங்கிக் கிடக்கிறது. ஒருவனையும் அட்டை கடிக்கவில்லை. இங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்க்காமல் தேயிலை மலைக்குள் இறங்குவதில்லை. சோழர் இரத்தம் அட்டைக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. அத்தனை பேருக்கும் அரிசி சுமந்தது யாரென்றும் புத்தகத்தில் இல்லை. வீரம் இருந்தால் பசிக்காதாம்.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். கொழும்பிலிருந்து வந்திருந்த, அந்த நாவலை எழுதியவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"அதெல்லாம் சின்ன விஷயம் டீச்சர். வரலாறுன்னா பெரிய பார்வை வேணும்."

கூட்டம் முடிந்ததும் தேயிலைக்கு நடுவில் நின்று படம் பிடிக்க ஆசைப்பட்டார். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"கால்ல சவுக்காரம் பூசிக்கிட்டுப் போங்க சார்" என்றேன். பெரிய பார்வைக்காரர், கேட்கவில்லை.

இரண்டாவது படம் எடுப்பதற்குள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். நாவலில் பக்கத்துக்குப் பத்துத் தலை சீவிய கை, காலில் ஒட்டிய ஓர் அட்டையைத் தொடப் போய்ப் பின்வாங்கியது. உப்பைத் தூவி நான்தான் விழவைத்தேன்.

அடுத்த பதிப்பில் நிச்சயம் அட்டை வரும். அரிசி சுமந்தவனும் வர வேண்டுமென்றால், அவர் முதுகில் யாராவது ஒரு மூட்டையை ஏற்றிவிட வேண்டும்.