கமலாதேவி ரீச்சரும் கடற்கொள்ளையர் பாலேயும்

எனக்குப் பேத்தி பிறந்து பதினொரு நாள். அவள் காலை உதைக்கிற உதையைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசம் தாங்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் மகள் அபிதாவுக்கு, ஆடப் பழக்கிய கமலாதேவி ரீச்சரைப் பற்றி எழுத வேண்டும்போல் இருக்கிறது.

ரீச்சர் கிழமை நாட்களில் டென்மார்க்கில், நாங்கள் இருந்த ஹேர்னிங்கில் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்தார். சனிக்கிழமை பரதம் பழக்குவார். கலியாணம் செய்யவில்லை. மாணவிகள்தான் எல்லாம், அவர்களில் அபிதா முதலாவது.

பதினைந்து வயதில் அபிதா கிர்ஸ்தன் என்ற டெனிஷ்காரியிடம் பாலே நடனமும் பழகத் தொடங்கினாள். ரீச்சர் தடுக்கவில்லை. ஆனால் அடவு பிழைத்தால், "அது அங்க பழகினதோ?" என்பார்.

2009 மே மாதம் பாலே வகுப்பு ஒரு கடற்கொள்ளையர் கதையை மேடையேற்ற இருந்தது. அடிமைச் சந்தையில் விற்கப்படுகிற பெண்ணைக் கொள்ளையர் தலைவன் மீட்டுக் கப்பலேற்றுவான். அந்தப் பெண் அபிதா. மேடையேற இருந்த அதே வாரம்தான் ஊரில், இலங்கையில், போர் முடிந்தது. தமிழர் நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றன, ரீச்சரின் ஆண்டுவிழாவும்.

மேடையேற முன் குருவின் காலில் விழ வேண்டும் என்று பழக்கியவர் ரீச்சர். அபிதா தேங்காய், வெற்றிலைத் தட்டத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

ரீச்சர் தட்டத்தைத் தொடவில்லை. "சனம் செத்துக் கிடக்கு, உனக்கு ஆட்டம் கேக்குதோ? உன்ர கிர்ஸ்தன் ரீச்சரிட்டக் கொண்டுபோய்க் குடு."

"அப்ப நான் ஆடேல்லை, ரீச்சர்," என்றாள் அபிதா.

ரீச்சர் என்னைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிட்டார். "நித்தி அண்ணை, செத்த சனத்தைச் சாட்டிப்போட்டன். உண்மையில எனக்கு எரிச்சல். என்ர விழா நிண்டுபோச்சு, கிர்ஸ்தன்ர நடக்குது." பிறகு தட்டத்தை வாங்கினார். "ஆடு பிள்ளை."

பாலே பார்க்கவும் வந்தார். இடைவேளையில் பியானோக்காரரிடம் இசை யாருடையது என்று விசாரித்தார். கதை ஒரு ஆங்கிலக் கவிதையில் பிறந்தது, பாரிஸில் ஒருவர் இசையமைத்தார், அவர் செத்த பிறகும் ஊருக்கொருவர் தங்கள் துண்டைச் சேர்த்தார்கள் என்றார் பியானோக்காரர்.

"ஒட்டுப்போட்ட சீலை," என்றார் ரீச்சர் என் காதுக்குள். ஆனாலும் முடியும்வரை தொடையில் தாளம் போட்டார்.

முடிந்ததும் நேரே கிர்ஸ்தனிடம் போய், "இவளுக்குத் தாளம் பழக்கினது நான்," என்று டெனிஷில் சொன்னார்.

"தெரியும்," என்றார் கிர்ஸ்தன். "அதனால்தான் இவளைத் தெரிவுசெய்தேன். எங்கள் பிள்ளைகளுக்கும் வந்து பழக்குவீர்களா?"

காரில் திரும்பும்போது நான் கேட்டேன்.

"என்ன ரீச்சர், போவியளோ?"

"போகத்தான் வேணும். அவ இப்பிடி நல்லவவா இருக்கிறதுதான், அண்ணை, எனக்குப் பிடிக்கேல்லை."