குரைக்காத நாய்க்காக வாங்கிய மெமோ

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்த காலம் முழுவதிலும் எனக்கு ஒரே ஒரு மெமோதான் வந்தது. அதுவும் ஒரு நாயால்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே லாரியில் அடிபட்ட பெட்டை நாயை யாரோ சாக்கில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நசுங்கிய பின்னங்காலை டாக்டர் வெட்டி எடுத்துத் தையல் போட்டார். டிரெஸ்ஸிங் மாற்றும்போது பசுமாடுகூட என்னை உதைத்திருக்கிறது. இது என் மணிக்கட்டை நக்கிக்கொண்டு கிடந்தது. மல்லி என்று பெயர் வைத்தேன்.

காயம் ஆறியதும் டாக்டர், "இது ஆஸ்பத்திரிம்மா, சத்திரம் இல்ல. யாருக்காவது குடுத்துடு" என்றார். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், டாக்டருக்கு வேண்டியவர், தோட்டக் காவலுக்கென்று கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார்.

பத்து நாள் கழித்துத் தடுப்பூசி முகாமுக்கு அந்த ஊர்ப் பக்கம் போனேன். அப்படியே அவருடைய மோட்டார் கொட்டகைக்கும் போனேன். மல்லி வெயிலில் இரும்புச் சங்கிலியில் கிடந்தது. எட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை. முதுகில் தடியின் தழும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை.

"இன்னா பண்றது? கொலைக்கவே மாட்டேங்குது. அடிச்சாதான் வழிக்கு வரும்" என்றார் அவர்.

சங்கிலியை அவிழ்த்தேன்.

"ஏம்மா, யாரக் கேட்டு அவுக்கற?"

"யாரயும் கேக்கலீங்க."

மொபெட்டின் முன்னால் மல்லியை வைத்துக்கொண்டு மருந்தகத்துக்கே வந்துவிட்டேன்.

மறுநாள் மெமோ. 'அனுமதியின்றிப் பிராணியை எடுத்து வந்தது ஏன்?' டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி எழுதிக் குடு, விட்டுடறேன்" என்றார். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: 'சங்கிலியை அவிழ்த்தது உண்மை. அதே நிலையில் கண்டால் மறுபடியும் அவிழ்ப்பேன்.'

அந்த வாரம் கருணாபுரத்து அஞ்சலை தன் ஆட்டுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தாள். நடவோ கட்டட வேலையோ, கிடைத்த கூலிக்குப் போகிறவள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி போய் மல்லியின் வயிற்றில் சாய்ந்து படுத்துவிட்டது. மல்லி அசையவில்லை.

"இன்னாங்க இது, இவ்ளோ சாதுவா கீது! யாரும் வாணாம்னா நான் இட்டுகினு போறேங்க."

உள்ளேயிருந்து டாக்டர் குரல் வந்தது. "அவளே கூலிக்குப் போறவ. நாய்க்கு இன்னா போடுவா?"

"சோத்துக்குக் கொறயில்லாத வூட்லேர்ந்துதான் சார் இது தழும்போட வந்துச்சு" என்றேன்.

அஞ்சலை என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "நாங்க குடிக்கற கஞ்சி அதுக்கும் உண்டுங்க."

மல்லியை அவளோடு அனுப்பினேன். இந்த முறை கையெழுத்தோடு விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நாலைந்து தடவை அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவையும் மல்லி கட்டிக் கிடக்கவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தி அவளோடு வேலைத்தலம் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. சாகும்வரை அந்த வீட்டு நாயாகவே இருந்தது.

எனக்குக் கல்வராயன் மலை மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது. மெமோவுக்கு எழுதிய பதிலுக்குத் தண்டனைதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிராணியைக் கொடுத்த இடத்துக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு சும்மா திரும்பாதீர்கள். மாற்றல் போட்டால் போங்கள். மலையிலும் கட்டிப்போட்டு அடிக்கப்பட்ட நாய்கள் இருந்தன. அவிழ்த்தேன்.