டால்ஃபின் சவாரிக்காரனுக்குத் திருநீறு

துபாய் தேராவில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் கீழக்கரை நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை, கெட்டவராக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்படலாம்.

அவர் வீட்டில் பிரியாணி முடிந்ததும் ஒரு மரப்பெட்டி திறக்கும். உள்ளே பழைய கிரேக்க வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் தெய்வம், மறுபக்கம் சிறகு முளைத்த குதிரை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பறந்தும் அதற்கு மூச்சு வாங்கவில்லை. லிஃப்ட் பழுதானால் நான் இரண்டாவது மாடிக்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவேன்.

"அவருக்கு என்ன ரசனை பாருங்க," என்றாள் என் மனைவி, திரும்பும் வழியில். கல்யாணமானதிலிருந்து என் விஷயத்தில் அந்தச் சொல்லை அவள் எடுத்ததே இல்லை.

விடுவேனா? இணைய ஏலத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கிரேக்கக் காசு பிடித்தேன். ஒரு பக்கம் குதிரைவீரன். மறுபக்கம் கடல் தேவனின் மகன் டால்ஃபின் மேல் சவாரி போகிறான். அவருக்கு ஒரு வாகனம், எனக்கு இரண்டு! விலையை எழுத மாட்டேன். மனைவி இதைப் படிப்பாள்.

வந்த காசு கன்னங்கரேல் என்று இருந்தது. இந்த அழுக்கோடா போட்டிக்குப் போவது? எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு துலக்குவது திருநீற்றில்தான். ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தேன். டால்ஃபின் புதுக் கொலுசு மாதிரி மின்னியது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு பெட்டியோடு போய்த் திறந்தேன். நண்பர் கையிலிருந்த சுலைமானி டீ பாதி வழியில் நின்றது. ஆஹா, பொறாமை!

"என்ன ஓய் செஞ்சீரு இத?"

"திருநீறு போட்டுத் துலக்கினேன், பாய்."

"அந்தக் கறுப்புக்குத்தானே ஓய் மதிப்பே! அது ஏற எத்தன நூறு வருஷம் ஆவும் தெரியுமா? கலாஸ், போச்சு! புதுசா அடிச்ச டோக்கன் மாதிரி ஆக்கிட்டீரே!"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குதிரைவீரன் மேலெல்லாம் மெல்லிய கீறல்கள். என் கைவண்ணம்.

அப்போது சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி காசை எடுத்துப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், அண்ணன் காசு என்னமா பளபளக்குது! ஏங்க, உங்க குதிர மட்டும் அடுப்புக்கரி மாதிரில்ல கெடக்கு? அண்ணே, அந்தத் திருநீறு கொஞ்சம் கொண்டாங்க. இவங்க கடைக்குப் போனதும் நானே துலக்கிடுறேன்."

நண்பர் தன் பெட்டியை மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

அவர் முகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது பொறாமை. கிடைத்தது பயம். பரவாயில்லை, அதையே வாங்கிக்கொண்டேன்.

"ஒரு பாக்கெட் போதுமாம்மா?" என்றேன்.