ஊசி நுனி கிடைத்த இடம்

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் காலர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் கழுத்தில் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. மணிக்கு அறுபது காலர், பதினான்கு வருடம். சட்டைகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும்.

நான் அங்கே மருத்துவ அறையில் நர்ஸாக இருந்தேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, பூட்டு சரியாக விழாத ஓர் அலமாரி. தலைவலியும் மயக்கமும் ஊசிக் குத்தும்தான் என்னிடம் வரும்.

அவளுடைய வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எப்போது மரத்துப்போக ஆரம்பித்தன என்று அவளுக்கே தெரியாது. வருடாந்திரப் பரிசோதனையில் கண்ணை மூடச் சொல்லிக் குண்டூசியால் தொட்டேன். எந்த விரல் என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். இமை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையால் அவள் கண்ணை மறைத்தேன். அதன் பிறகு ஒன்றுகூடச் சரியில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இதுவும் ஒரு வசதிதான் சிஸ்டர். அடுப்புல இருந்து பாத்திரத்தை வெறுங்கையால எறக்குறேன். என் பொண்ணுதான் கெடந்து கத்துறா."

"சிரிக்காதே. மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணணும். ஆறு வாரம் தைக்கக் கூடாது."

"ஆறு வாரம் கழிச்சு வந்தா என் மெஷின்ல வேற ஒருத்தி உக்காந்திருப்பா. எழுதிடாதீங்க."

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவனுடைய அம்மா போகவில்லை. மகள் பத்தாம் வகுப்பு. பரிசோதனை அறிக்கையில் நான் எழுதவில்லை. தூங்கும்போது கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டை ஒன்று கொடுத்தேன். விரலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்துத் தைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த வருடம் சட்டை வாங்கும் நாடு எங்கள் நாட்டுத் துணிக்கு வரியை உயர்த்தியது. பதினெட்டாம் தேதிக்குள் கப்பலேறினால் பழைய வரி, அதற்குப் பிறகு புது வரி. சூபர்வைசர் எல்லோரையும் நிற்கவைத்து இதைச் சொன்னார்.

"வரியை யாரு சார் கட்டணும்?" என்று கேட்டாள் காலர்க்காரி.

"அந்த ஊருல எறக்குறவங்க."

"அவங்க கட்டுறதுக்கு எங்களை ஏன் சார் வெரட்டுறீங்க?"

பக்கத்து மெஷினில் கைப்பட்டி தைக்கிறவள், "அங்க தும்மினா நமக்குல்ல மூக்கு ஒழுகும்" என்றாள். சூபர்வைசரும் சிரித்துவிட்டார். பிறகு மணிக்கு எழுபது காலர் என்று பலகையில் மாற்றி எழுதினார்.

பதினாறாம் தேதி காலை பதினொரு மணிக்குக் காலர்க்காரியின் ஊசி உடைந்தது. அங்கே ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். எங்கே கிடைத்தது என்றும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு நகராது. சட்டையில் ஊசித் துண்டு போய் வாங்குகிறவரைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி.

இரண்டு துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. தரையெல்லாம் காந்தத்தால் பெருக்கினார்கள். அன்று தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக உலோகம் காட்டும் மெஷினில் விட்டார்கள். நாற்பது பேர் வேலையில்லாமல் நின்றார்கள்.

"முழுங்கிட்டியாடி?" என்றாள் கைப்பட்டிக்காரி.

"பசிச்சா கூட ஊசி திங்க மாட்டேன்க்கா."

ஒரு காலரில் சிவப்புப் புள்ளி இருந்தது. கையைக் காட்டச் சொன்னார் சூபர்வைசர். அவள் ஆட்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. என் அறைக்கு அழைத்துவந்து, கையை மேஜைமேல் வைத்து, உலோகம் காட்டும் சின்னக் கருவியை மேலே கொண்டுபோனார். அது கத்தியது.

"ஊசி உள்ள போனது கூடவா தெரியல?"

அவள் என்னைப் பார்த்தாள். "அவசரத்துல கவனிக்கல சார்."

மரத்துப்போகச் செய்யும் மருந்தை எடுத்தேன். "வேணாம் சிஸ்டர், நேரமாகுது" என்றாள். கீறி எடுத்தேன். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூபர்வைசர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நுனியைக் கழுவித் துடைத்துப் பதிவேட்டில் ஒட்டினேன்.

"தரைன்னு எழுதுங்க சிஸ்டர்" என்றார் அவர். "விரல்னு எழுதினா வாங்குறவங்க ஆளு வந்து விசாரிப்பான். பெட்டியெல்லாம் நின்னுடும்."

"தரைன்னே எழுதுங்க" என்றாள் அவளும். "விரல்னா, ஏன் வலிக்கலன்னு கேப்பாங்க. அப்புறம் என் எடம் போயிடும்."

கிடைத்த இடம்: தரை, மெஷினின் கால் பக்கம். என் கையெழுத்து. கீழே அவள் கையெழுத்து.

பதினேழாம் தேதி கப்பல் போனது. புது ஆர்டர் வரவில்லை. அந்த இடம் அவளுக்கு மேலும் ஐந்து வாரம் இருந்தது. பிறகு நாற்பது பேரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். கை நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

காயம் சீழ்பிடித்து விரல் மடங்காமல் நின்றுபோனது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள், ஆனால் நரம்பு திரும்பவில்லை. காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு மனு எழுதிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். வேலையில் பட்ட காயம் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"விரல்லதான் இருந்துச்சுன்னு இப்ப எழுதித் தர முடியுமா சிஸ்டர்?"

"எழுதித் தர்றேன். ஆனா பதிவேட்டைக் கேட்டு வாங்குவாங்க. அதுல ரெண்டு பேரும் தரைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"ஆமா" என்றாள். "அன்னிக்கு நான்தானே சொன்னேன்."

இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். மேஜைமேல் இருந்த காகிதத்தை வலது கையால் எடுக்கப் பார்த்தாள். இரண்டு முறை வழுக்கியது. இடது கையால் மேஜை விளிம்புவரை தள்ளிக்கொண்டுவந்து எடுத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மனு தள்ளுபடி ஆனது.